முன்மொழிந்தவர் பூங்காவனம்

ஜூலை 3, திங்கள்

ஆர்டர் கிடைத்துவிட்டது! ஆகஸ்ட் ஒன்றாம் தேதியிலிருந்து நாளொன்றுக்கு நாற்பது பேலட். கம்பெனிக்காரர் வாயால் சொன்னதை நம்பாமல் தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் நான் எழுந்தேன். எங்கள் மகளிர் குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம், ஆனால் இப்படி எழுதி வாங்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிளஸ் டூ படித்ததற்கு இந்த ஒரு லாபமாவது இருக்கட்டும்.

பேலட் என்றால் என்னவென்று என் மாமியாருக்கே இன்னும் புரியவில்லை. லாரியில் சரக்கு ஏற்றும்போது அடியில் வைப்பார்களே, அந்த மரச்சட்டத் தட்டு. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் இருக்கும்வரை அதற்குத் தேவை இருக்கும். ஒரு பேலட்டுக்கு எண்பது ஆணி. சுத்தியலால் அடித்தால் ஐந்து பேரும் சேர்ந்து நாளைக்குப் பதினைந்துதான் முடிகிறது. நாற்பது வேண்டுமென்றால் ஆணி அடிக்கும் கன்னும் அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரும் வாங்கியே தீரவேண்டும். மகளிர் குழுக்களின் கூட்டமைப்பில் ஐம்பதாயிரம் கடன் ஒதுக்கிவிட்டார்கள். அதற்குள் எல்லாம் முடியவேண்டும்.

ஜூலை 6, வியாழன்

பூங்காவனம் அக்காவும் நானும் பாரிமுனை போய்வந்தோம். அவளை அழைத்துப் போனதற்குக் காரணம், குழுவில் சேருமுன் மூன்று வருடம் அவள் ஒரு பேலட் யார்டில் கூலிக்கு இருந்தவள். கன்னைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். பஸ் போர்டைக்கூட என்னைத்தான் கேட்பாள். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் அவள் முதலாளி, நான் கூட வந்தவள் என்று ஆகிவிட்டது.

கடைக்காரப் பையன் பளபளவென்று ஒரு கன்னைக் காட்டினான். அவள் தொடவேயில்லை. "ரோல் ஆணி போடறது எடு, இது ஒவ்வொரு பட்டையா சொருகணும், எவ ஒக்காந்து சொருகினு இருப்பா?" என்றாள். வேறு இரண்டு வந்தன. இரண்டையும் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்ததை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நாள் முழுக்கப் புடிக்கணும். இப்ப லேசா தெரியறது சாயங்காலம் கருங்கல்லா இருக்கும், புடிச்சுப் பாரு." மூக்கு முனையை மரத்தில் அழுத்தினால்தான் ஆணி வெளியே வரும், வெறுங்காற்றில் விசையை அழுத்தினால் வராது என்பதையும் அடித்துக் காட்டச் சொன்னாள். பதினாலாயிரத்துக்கு அதையே வாங்கினோம்.

கம்ப்ரஸர்தான் சிக்கல். அவள் சொன்னது இரண்டு ஹெச்.பி., நூறு லிட்டர் டேங்க். வீட்டுக் கரண்டிலேயே ஓடுமாம். முப்பத்து நாலாயிரம். இரண்டும் சேர்த்து ஐம்பதுக்குள் அடங்குகிறது. ஆனால் சரக்கு 18ஆம் தேதிதான் வரும் என்றார்கள். 17ஆம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் புது மெஷினை இறக்கிப் பூஜை போட யாருக்கு மனம் வரும்? "ஆடியாவது ஒண்ணாவது, நல்ல மெஷினா வந்தா போதும்" என்றாள் அக்கா. குழுவில் எல்லம்மா ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று நான் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நல்ல கனம்.

ஜூலை 7, வெள்ளி

தம்பி மோகனரங்கன் போன் செய்தான். ரோடு அகலப்படுத்துவதில் அவன் பஞ்சர் கடை போகிறது. மூன்று நாள் கெடு. போனில் அழுதான்.

ஜூலை 9, ஞாயிறு

தெரிந்தவர் ஒருவரிடம் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் ஒன்று விலைக்கு இருக்கிறது. போய்ப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது, காற்று வருகிறது. பதினெட்டாயிரம். மிச்சப் பணத்தில் ஆணியும் கொஞ்சம் மரமும் வாங்கிப் போட்டுவிடலாம். உடனே கிடைக்கும், ஆனி முடிவதற்குள் பூஜையும் போடலாம்.

அங்கே வேறு பேச்சும் நடந்தது. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 11, செவ்வாய்

குழுக் கூட்டம். நான் விஷயத்தைச் சொன்னேன். அது மோகன் கடை கம்ப்ரஸர் என்பதையும் சொன்னேன். ஒளிக்க அதில் என்ன இருக்கிறது, ஊருக்கே தெரிந்த கடை.

எல்லம்மாவும் அம்சாவும் தலையாட்டினார்கள். குணசுந்தரி எப்போதும்போல, "தமயந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். பூங்காவனம் அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"டயருக்கு ஒருதரம் காத்தடிச்சா ஒரு மாசம் நிக்கும். கன்னு அப்டியில்லம்மா. ஒவ்வொரு ஆணிக்கும் காத்து குடிக்கும். பஞ்சர் கடை மெஷினு அதுக்கு ஈடு குடுக்காது."

"புதுசு வர வரைக்கும் சும்மா ஒக்காந்திருக்கலாமாக்கா? ஆர்டர் ஒண்ணாந்தேதி."

"பதினெட்டாந்தேதி வந்தாக்கூட பத்து நாளு மேல கீதே. இன்னா அவசரம்?"

"ஆடியில எறக்கணுமே."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "உன் இஷ்டம்" என்று சொல்லி எழுந்து முந்தானையை உதறினாள்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அடுப்பில் உலை, வாசலில் பிள்ளை என்று அவரவருக்கு அவசரம். மேலே உள்ளதை நான் மறுநாள் ஆற அமர எழுதிக்கொள்வேன். பதினோரு வருடமாக அப்படித்தான். இன்றும் ஐந்து கையெழுத்தும் விழுந்துவிட்டது.

ஜூலை 12, புதன்

தீர்மானம் எழுதினேன். ‘முன்மொழிந்தவர்’, ‘வழிமொழிந்தவர்’ என்று இரண்டு பெயர் வேண்டும். என் தம்பி பொருளை நானே முன்மொழிந்ததாக எழுத முடியுமா, கூட்டமைப்பில் என்ன நினைப்பார்கள்? தொழில் தெரிந்தவர் பெயர் இருந்தால் கேள்வி வராது. அது வெறும் சடங்குதான், யார் படிக்கப்போகிறார்கள்? ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று முடித்தேன். என் கையெழுத்து இன்று முத்து முத்தாக வந்திருக்கிறது.

ஜூலை 14, வெள்ளி

பூஜை போட்டாயிற்று. கம்ப்ரஸருக்குப் பொட்டு, மாலை, எலுமிச்சம்பழம். மோகன் வந்து வயர் மாட்டிக் கொடுத்தான். பூங்காவனம் அக்காதான் முதல் ஆணி அடித்தாள். ஒரே அழுத்து, தலை மரத்தோடு மரமாக அமர்ந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினோம். அவள் சிரிக்கவில்லை. அவள் கண் காற்றழுத்த மீட்டர் முள்ளின் மேலேயே இருந்தது.

ஜூலை 20, வியாழன்

ஒரு பேலட் முடிவதற்குள் முள் கீழே இறங்கிவிடுகிறது. முதல் முப்பது ஆணி நன்றாக இறங்குகிறது. அப்புறம் ஆணித்தலை அரை விரற்கடை எழும்பி நிற்கிறது. நிறுத்தி, காற்று ஏறும்வரை உட்கார்ந்திருந்து, மறுபடி அடிக்கவேண்டும். மோட்டார் கொதிக்கிறது. ஈரத்துணி போட்டு வைத்தோம். புது மெஷின் பழக நாள் ஆகும், அவ்வளவுதான்.

பூங்காவனம் அக்கா கன்னை அம்சாவிடம் கொடுத்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு அம்சாவின் பின்னாலேயே எழும்பி நின்ற தலைகளைத் தட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, நீங்க சொன்னது…" என்று ஆரம்பித்தாள் அம்சா.

"வேலையப் பாருடி" என்றாள் அவள். நான் மரம் எண்ணப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

இன்று முப்பத்தொன்று. நாளைக்கு நாற்பது ஆகிவிடும்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

முப்பத்து மூன்று. எல்லம்மாவுக்கு மணிக்கட்டு வீக்கம். மோகன் புது இடத்தில் கடை போட்டுவிட்டான். ஸ்வீட் கொண்டுவந்தான். எனக்கு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

ஒரு லோடு திரும்பி வந்துவிட்டது. ஆணித்தலை எழும்பி நின்று அட்டைப்பெட்டிகளைக் கிழித்திருக்கிறது. உள்ளே ஏதோ கண்ணாடிச் சாமானாம். கம்பெனிக்காரர் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மேடம், நீங்க எழுதி வாங்கிட்டுப் போனீங்க, நாங்களும் எழுதித்தான் வச்சிருக்கோம்" என்றார்.

ஐந்து பேரும் உட்கார்ந்து, வந்த பேலட்டையெல்லாம் கவிழ்த்துப் போட்டுச் சுத்தியலால் அடித்தோம். ஐம்பதாயிரம் கடன் வாங்கியும் கையில் பழைய சுத்தியல்தான்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆர்டர் போயிற்று. ஒரே ஒரு வரி மெயில். அச்செடுத்து வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கூட்டமைப்பிலிருந்து மேடம் வந்தார். கடன் எப்படிச் செலவானது என்று விசாரணை. ஷெட்டில் பாய் விரித்து உட்கார்ந்தோம். கம்ப்ரஸரைப் பார்த்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. இதை யார் வாங்கச் சொன்னது என்று கேட்டார். "புக்கைக் கொடுங்க" என்றார்.

கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

அவர் சத்தமாகவே படித்தார். ‘ஓடும் நிலையிலுள்ள பழைய கம்ப்ரஸரை வாங்கலாம் எனத் தொழில் அனுபவமுள்ள உறுப்பினர் திருமதி பூங்காவனம் முன்மொழிய…’

"யாரும்மா பூங்காவனம்?"

அக்கா எழுந்து நின்றாள்.

"நீங்கதான் யார்டுல வேலை செஞ்சவங்களா? தெரிஞ்சவங்களே இப்படிச் சொல்லலாமா? பஞ்சர் கடை மெஷின்ல ஆணி அடிக்க முடியுமா?"

அக்கா மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் பார்த்தது, பாஷை தெரியாத ஊரில் வழி கேட்பவள் பார்ப்பதுபோல.

"அப்டியா எழுதியிருக்குது?" என்றாள்.

"கையெழுத்து உங்களுதுதானே?"

குனிந்து பார்த்தாள். "என்துதாம்மா."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எல்லம்மா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இனி கொள்முதல் விஷயத்தில் பூங்காவனம் தலையிடக்கூடாது என்று மேடமே தன் கைப்பட எழுதினார். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம்.

ஆகஸ்ட் 23, புதன்

பூங்காவனம் அக்கா வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்னவோ.

ஆகஸ்ட் 26, சனி

வரவில்லை. பழைய யார்டுக்கே கூலிக்குப் போகிறாளாம். விடியற்காலை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது என்று அம்சா சொன்னாள். "அங்க பெரிய கம்ப்ரஸர் ஓடுதாம் தமயந்திக்கா" என்று சேர்த்தும் சொன்னாள். குத்திக்காட்டுகிறாளா, தகவல் சொல்கிறாளா தெரியவில்லை.

நானும் யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு என்ன நஷ்டம்? அபராதம் உண்டா, வழக்கு உண்டா? ஒரு பெயர், ஒரு வரி. அதுவும் எங்கள் ஷெட்டுக்குள். நாலு நாளில் மறந்துபோகும்.

செப்டம்பர் 2, சனி

மறந்துபோகவில்லை.

ரேஷன் கடை வரிசை. எனக்கு நாலு பேருக்கு முன்னால் அவள் நின்றாள். மேலத்தெரு சகுந்தலா, கடை முழுக்கக் கேட்கும்படி, "இன்னா பூங்காவனம், பழைய இரும்ப குழு தலையில கட்டுனதுல உனக்கு எவ்ளோ கமிஷனு?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். வரிசையும் சிரித்தது.

அக்கா திரும்பவில்லை. பையின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காது மடல் சிவந்திருந்தது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. வாயைத் திறக்கவேண்டியவள் நான். ‘அவ வேணாம்னுதான் சொன்னா’ என்றால் போதும், அவ்வளவுதான். மூச்சை இழுத்தேன். பில் போடுகிறவர் அடுத்த கார்டு என்றார். வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

அரிசி வாங்காமலே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஜூலை 9 அன்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

அன்று நான் போனது மோகன் கடைக்கு. சுவிட்சைப் போட்டுக் காட்டிவிட்டு அவனே சொன்னான். "அக்கா, உள்ள பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கு. டயருக்கு ஓகே. நிறுத்தாம ஓட்டினா காத்து புடிக்காது. உங்க வேலைக்குப் பத்துமான்னு தெரியல." என் தம்பி என்னிடம் மறைக்கவில்லை. அவன் கடைச் சாமான்கள் ரோட்டில் கிடந்தன. அவன் பெண்டாட்டி டியூப் மூட்டைமேல் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன், "பத்தும்டா. இத வேற யார்கிட்டயும் சொல்லாத" என்று.

அவனுக்கு உதவவேண்டும் என்று நினைத்தது தப்பில்லை. என் காசில் உதவியிருக்கலாம், காது கம்மலைக் கழற்றியிருக்கலாம். குழுவின் காசில் உதவினேன். அதற்கு என் பெயரையாவது போட்டிருக்கலாம். படிக்கத் தெரியாதவள் பெயரைப் போட்டேன். அவள் படிக்கமாட்டாள் என்று தெரிந்துதான் போட்டேன். இந்த வரியை எழுத எனக்கு ஏழு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். ரிங் விஷயம், பெயர் விஷயம், எல்லாம். மூவரும் திடுக்கிடுவார்கள், திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

எல்லம்மா மெதுவாகச் சொன்னாள். "ரிங்கு சமாச்சாரம் தெரியாது. அவ வேணாம்னு சொன்னது எங்களுக்குத் தெரியாதா? நாங்களும் இங்கதான ஒக்காந்திருந்தோம்?"

"அப்ப ஏன் மேடம்கிட்ட சொல்லல?"

"நாளைக்கு லோனுன்னா உன் கைய இல்ல புடிக்கணும்?"

குணசுந்தரி அழுதாள். அம்சா, "அன்னிக்கு ஆணி அடிக்கறப்ப நான் வாயத் தொறந்தேன், பூங்காவனம் அக்காதான் அடக்குச்சு" என்றாள். என்னிடம் அத்தனை பயமா இவர்களுக்கு? என்மேல் மரியாதை என்றல்லவா இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்!

திருத்தத் தீர்மானம் எழுதினேன். ‘கம்ப்ரஸரை முன்மொழிந்தது செயலாளர் தமயந்தி. அது அவர் தம்பியின் பொருள். பழுது அவருக்கு முன்பே தெரியும். திருமதி பூங்காவனம் கூட்டத்திலேயே மறுத்தார்.’ எழுதிய பிறகு வாசித்துக் காட்டினேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். பூங்காவனம் அக்காவின் கையெழுத்தும் இருந்தால்தான் மேடம் ஏற்றுக்கொள்வார்.

செப்டம்பர் 6, புதன்

மோகன் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். கம்ப்ரஸரை அவனே வந்து ஏற்றிக்கொண்டு போனான். ஷெட்டில் அது இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. தேய்த்தேன், போகவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்று பூங்காவனம் அக்காவுக்கு லீவு. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "வா" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். பாய் போட்டாள். எந்த மரியாதையிலும் குறை வைக்கவில்லை. முன்பெல்லாம் போனால் பாய் போடமாட்டாள். நானே உள்ளே போய் எடுத்து வருவேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மொச்சை உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். ரேஷன் கடையில் நான் பின்னால் நின்றதையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "உன் செருப்பு சத்தம் எனக்குத் தெரியாதா?"

"தப்பு பண்ணிட்டேன்க்கா. மன்னிச்சிடு. குழுவுக்குத் திரும்ப வந்துடு. புது கம்ப்ரஸர் வாங்கலாம், நீ சொல்றதத்தான் வாங்கறது."

"எனக்கு யார்டே போதும்மா. கூலி குடுக்கறான், வாங்கினு வரேன். அங்க ஒண்ணும் கையெழுத்து போடத் தேவயில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தன் முந்தானையைக் கொடுக்கவில்லை. "மொகத்தக் கழுவினு வா" என்றாள்.

கழுவிக்கொண்டு வந்து புத்தகத்தைத் திறந்தேன். எங்கே போடவேண்டும் என்று விரல் வைத்துக் காட்டிப் பேனாவை நீட்டினேன். அவள் கையை மடியில் துடைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கவில்லை.

"இன்னா எழுதியிருக்குது?"

"இப்ப சொன்னேனேக்கா, அதான். இரு, படிக்கறேன் கேளு."

"நீ வேணாம்."

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் இல்லை. புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடி, பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"வெச்சிட்டுப் போ. எனக்குத் தெரிஞ்சவங்க யார்னா படிச்சவங்கள வெச்சி படிக்கச் சொல்லிக் கேக்கறேன். சரியா இருந்தா போட்டு அம்சாகிட்ட குடுத்தனுப்பறேன்."

சரிக்கா என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.